ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் புதிய நிரல்: மாட்யூல்கள் ஓர் எளிய அறிமுகம்

லினக்ஸ் கணினி ஒன்றில் டெர்மினலைத் திறந்து எல்எஸ்மாட் என்று அடித்தால் நீளமாக ஒரு பட்டியல் வந்து விழும். இடப்பக்கம் ஒரு பெயர், நடுவில் ஓர் எண், வலப்பக்கம் இன்னோர் எண்ணும் சில சமயம் வேறு பெயர்களும். வைஃபைக்கு ஒன்று, ஒலிக்கு ஏழெட்டு, புளூடூத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். அத்தனையும், இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னல் ஓட ஆரம்பித்த பிறகு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்ட நிரல்துண்டுகள். இவற்றைத்தான் மாட்யூல் என்கிறார்கள். நடுவில் இருப்பது அந்த மாட்யூல் பிடித்திருக்கும் நினைவகம், பைட் கணக்கில். கடைசி எண், இப்போது எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்பது. பார்க்க அற்பமாகத் தெரியும் அந்தக் கடைசி எண்ணில்தான் விஷயமே இருக்கிறது; பிறகு வருகிறேன்.

மாட்யூல் என்றால் டிரைவர், அதாவது ஒரு வன்பொருள் கருவியை இயக்கும் நிரல், என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலானவை டிரைவர்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கோப்பு முறைமை, நெட்வொர்க் நெறிமுறை, ஃபயர்வால் விதி, குறியாக்க முறை இவையும் மாட்யூலாக வரலாம். எந்த வன்பொருளோடும் சம்பந்தமே இல்லாத மாட்யூல்கள் நிறைய உண்டு. சாதாரண நிரல்கள் கெர்னலோடு பேச ஓர் இடைமுகம் இருக்கிறதல்லவா? நேற்றுவரை அதில் இல்லாத ஒரு வசதியை, கெர்னலை மூலநிரலிலிருந்து மறுபடி உருவாக்காமல் (கம்பைல் செய்யாமல்), கணினியை அணைத்துப் போடாமல், ஒரு மாட்யூல் எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உள்ளே யார், வெளியே யார்

சிபியூவுக்கு அதிகாரப் படிகள் உண்டு. எக்ஸ்86 வகைச் சிப்களில் கெர்னல் ஓடும் படிக்கு ரிங் 0 என்று பெயர். நாம் எழுதும் நிரல்கள் ரிங் 3இல் ஓடும். ரிங் 3இல் இருப்பவர் டிஸ்க்கைத் தொட முடியாது, நெட்வொர்க் கார்டைத் தொட முடியாது, பக்கத்து நிரலின் நினைவகத்தை எட்டிப் பார்க்கக்கூட முடியாது. எது வேண்டுமானாலும் கெர்னலிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்படிக் கேட்பதுதான் சிஸ்டம் கால்.

64 பிட் எக்ஸ்86 லினக்ஸில் கேட்கும் முறை மிக எளிது. ஒரு ரிஜிஸ்டரில், அதாவது சிபியூவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில், எண்ணைப் போடவேண்டும், மற்ற ரிஜிஸ்டர்களில் விவரங்களைப் போடவேண்டும், சிஸ்கால் என்ற கட்டளையை இயக்கவேண்டும். எண் 0 என்றால் ரீட், 1 என்றால் ரைட், 2 ஓபன், 3 குளோஸ். கெர்னல் அந்த எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்து உரிய செயற்கூறை அழைக்கும். இப்படி முந்நூற்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் இருக்கின்றன. உலாவியோ, டேட்டாபேஸோ, விளையாட்டோ, எல்லாம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த அட்டவணைதான்.

லினக்ஸ் கெர்னலின் உள்கட்டமைப்பு ஒரே பெரிய நிரல். 1992இல் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் இந்தக் கட்டமைப்பே பழங்காலத்தது என்று சொல்ல, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குப் பதில் சொல்ல, அந்த விவாதம் இன்றுவரை பேசப்படுகிறது. டிரைவர்களைத் தனித்தனி நிரல்களாக கெர்னலுக்கு வெளியே ஓடவிட வேண்டும் என்பது டானன்பாம் பக்கம். லினக்ஸ் அதை ஏற்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டியாகக் கம்பைல் செய்தால் வேறொரு தொல்லை: ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான டிரைவர்கள் மூலநிரலில் கிடக்கின்றன, ஒரு கணினிக்கு அதில் சிறு பகுதிதான் தேவைப்படும். அத்தனையையும் நினைவகத்தில் ஏற்றி வைப்பது வீண். ஆளுக்கொரு கெர்னல் கம்பைல் செய்துகொள்ளச் சொன்னால் யார் கேட்பார்கள்? தேவையானதை மட்டும், தேவைப்படும்போது உள்ளே ஏற்று என்பதுதான் மாட்யூல் தந்த தீர்வு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. உலாவிக்கு நாம் போடும் எக்ஸ்டென்ஷன் ஒரு வேலிக்குள் ஓடுகிறது. மாட்யூலுக்கு அப்படி வேலி எதுவும் கிடையாது. ஏறிய மறுநொடியிலிருந்து அது கெர்னலேதான். அதே ரிங் 0, அதே நினைவகம், அதே அதிகாரம். தனியாக ஏற்றப்பட்டது என்பதால் தனியாகப் பிரிந்து நிற்கிறது என்று அர்த்தமில்லை.

புது சிஸ்டம் கால் சேர்த்துவிடலாமே?

இடைமுகம் என்பது ஓர் அட்டவணை என்றால், அதை விரிக்க எளிய வழி அட்டவணையில் இன்னொரு வரி சேர்ப்பது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளம் இதை அனுமதிக்கிறது. அங்கே 210 முதல் 219 வரையிலான எண்களை மாட்யூல்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கேஎல்டிலோட் என்ற கட்டளையால் மாட்யூலை ஏற்றினால் புது சிஸ்டம் கால் தயார்.

லினக்ஸ் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் மாட்யூல்கள் அட்டவணையின் முகவரியைப் பிடித்து அதில் கைவைக்க முடிந்தது. 2.6 தொடர் வந்தபோது அந்த முகவரியை மாட்யூல்களுக்குத் தராமல் நிறுத்திவிட்டார்கள். பிறகும் சிலர் கெர்னலின் பெயர்ப்பட்டியலில் தேடும் ஒரு செயற்கூறு வழியாகப் புறவாசலில் நுழைந்து அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். 2020இல் வந்த 5.7 பதிப்பில் அந்த வாசலையும் அடைத்தாயிற்று.

இவ்வளவு பிடிவாதம் ஏன்? முதல் காரணம் எண். எனக்கு 460, உனக்கும் 460 என்று இரண்டு மாட்யூல்கள் ஒரே எண்ணை எடுத்துக்கொண்டால் யாரை அழைப்பது? இரண்டாவது, பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது லினக்ஸில் எழுதப்படாத சட்டம். அட்டவணையில் ஏறிய வரி ஏறக்குறைய காலத்துக்கும் இருக்கும். ஒரு மாட்யூலோடு வந்து அதோடு போய்விடும் வரியை அதில் சேர்ப்பது அந்த உறுதிமொழிக்கே முரண். மூன்றாவதுதான் கொடுமையானது. ஒரு நிரல் அந்தப் புது சிஸ்டம் காலுக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது மாட்யூலை நீக்கிவிட்டால்? விழித்து எழும்போது அது நின்றிருந்த இடத்தில் நிரலே இருக்காது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கணக்கு வைக்க லினக்ஸின் அட்டவணைக்குத் தெரியாது. ஃப்ரீபிஎஸ்டி இதற்கென்று தனிக் கணக்கே வைத்துக்கொள்கிறது.

லினக்ஸ் எடுத்த வழி வேறு. ஓர் அலுவலகத்தில் சன்னல்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல், இருக்கும் சன்னலுக்குப் பின்னால் புதுப் பணியாளரை உட்கார வைப்பது போன்றது அது. ஓபன், ரீட், ரைட் இவை அப்படியே இருக்கட்டும். அவற்றுக்குப் பின்னால் யார் பதில் சொல்கிறார் என்பதை மாட்யூல் மாற்றிக்கொள்ளட்டும்.

ஒரு சிறு மாட்யூலை அருகில் போய்ப் பார்த்தால்

/டெவ் அடைவுக்குள் எல்எஸ் மைனஸ் எல் என்று அடித்துப் பாருங்கள். வழக்கமாக ஒரு கோப்பின் அளவு தெரியும் இடத்தில், காற்புள்ளி போட்டு இரண்டு எண்கள் இருக்கும். /டெவ்/நல் என்பதற்கு 1, 3. /டெவ்/ஸீரோ என்பதற்கு 1, 5. முதலாவது மேஜர் எண், இரண்டாவது மைனர் எண். இந்தக் கோப்புகளுக்கு டிஸ்க்கில் உள்ளடக்கம் எதுவும் கிடையாது. இந்த இரண்டு எண்கள்தான் அவற்றின் சாரம். யாராவது ஓபன் செய்தால் கெர்னல் எண்ணைப் பார்க்கும், அந்த எண்ணைப் பதிந்து வைத்திருக்கும் மாட்யூலைத் தேடி, வேலையை அதன் கையில் கொடுத்துவிடும்.

ஒரு மாட்யூல் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பெயர் எண்ணி. /டெவ்/எண்ணி என்ற கோப்பை யாராவது திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு எண் ஒன்று கூடும். படித்தால் அந்த எண் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு நாம் எழுதவேண்டியவை: ஏறும்போது ஓடும் ஒரு செயற்கூறு, இறங்கும்போது ஓடும் ஒன்று, ஓபனுக்கு ஒன்று, ரீடுக்கு ஒன்று. பின்னிரண்டின் முகவரிகளையும் ஃபைல் ஆபரேஷன்ஸ் என்ற ஸ்ட்ரக்ட்டில் (பல புலங்களைச் சேர்த்து வைக்கும் தரவமைப்பில்) நிரப்பவேண்டும். ஏறும்போது அந்த ஸ்ட்ரக்ட்டை கெர்னலிடம் பதிவு செய்துவிட்டால் போதும், டெவ் அடைவில் கோப்பு தானாக முளைக்கும்.

பயனர் பக்கத்தில் எதுவுமே புதிதாக வேண்டியதில்லை. கேட் என்ற பழைய கட்டளையால் /டெவ்/எண்ணியைப் படிக்கலாம். பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கேட், நேற்று எழுதிய மாட்யூலோடு பேசுகிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஓபன், ரீட், குளோஸ் மட்டுமே.

ரீட் செயற்கூறில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கேட் எப்போது நிறுத்தும்? ரீட் 0 என்று பதில் தரும்போதுதான். ஒவ்வொரு முறையும் எண்ணை அனுப்பிவிட்டு "இரண்டு பைட் தந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கேட் கட்டளையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். திரை முழுக்க அதே எண் ஓடும். எவ்வளவு படித்தாயிற்று என்பதை கெர்னல் ஒரு மாறியில் தரும். முதல் முறை எண்ணை அனுப்பி அந்த மாறியை நகர்த்தவேண்டும், அடுத்த முறை 0 தரவேண்டும். மாட்யூல் பயிற்சியில் எல்லாரும் ஒருமுறையாவது பார்க்கும் காட்சி அந்த ஓயாத எண் மழை.

இரண்டாவது இடம் ஆபத்தானது. எண்ணை எங்கே வைக்கவேண்டும் என்று பயனர் நிரல் ஒரு முகவரி தருகிறது. நேரடியாக அங்கே எழுதிவிடக் கூடாது. அந்த முகவரி பொய்யாக இருக்கலாம். வேண்டுமென்றே கெர்னலின் சொந்த நினைவகத்தைக் காட்டுவதாகவும் இருக்கலாம். ரிங் 0இல் இருக்கும் நாம் கண்ணை மூடிக்கொண்டு அங்கே எழுதினால், யாரோ சொன்னார் என்பதற்காக கெர்னலையே நாம் அழித்தவர்கள் ஆவோம். அதற்காகவே காப்பி டு யூசர் என்றொரு செயற்கூறு இருக்கிறது. முகவரி பயனருடையதுதானா என்று சரிபார்த்து, நடுவில் பிழை வந்தால் கெர்னல் விழாமல் தாங்கிக்கொண்டு, எத்தனை பைட் எழுத முடியவில்லை என்று சொல்லும். கெர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளில் ஒரு பெரும் வகை இந்த எல்லைக்கோட்டில் நடந்த கவனக்குறைவிலிருந்து வந்தவைதான்.

ரீட், ரைட் போதாதபோது

எண்ணிக்குப் படிப்பது மட்டும் போதும். ஒரு கேமராவுக்குப் போதுமா? ஒளி அளவை மாற்று, படத்தின் அளவைச் சொல் என்றெல்லாம் கேட்கவேண்டும். இதற்கு ஐயோக்டில் என்ற சிஸ்டம் கால் இருக்கிறது, எண் 16. ஒரு கட்டளை எண்ணையும் ஒரு முகவரியையும் அனுப்பினால், அதற்கு என்ன பொருள் என்று முடிவு செய்வது மாட்யூல்தான். அட்டவணையில் ஒரே வரி, அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான கட்டளைகள். அழகில்லை என்று கெர்னல் ஆட்களே குறைப்பட்டுக்கொள்வார்கள், குறை நியாயமானதும்கூட. வெளியிலிருந்து பார்த்து ஒரு நிரல் என்ன கேட்கிறது என்று ஊகிக்க வழியில்லை. ஆனாலும் இதுதான் நிலைத்திருக்கிறது.

மாட்யூலால் இடைமுகத்தை எவ்வளவு தூரம் விரிக்க முடியும் என்பதற்கு மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவும் கேவிஎம் மாட்யூலை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஏவி கிவிட்டி எழுதியது, 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. மாட்யூல் ஏறியதும் /டெவ்/கேவிஎம் என்று ஒரே ஒரு கோப்பு வரும். கியூஎமு போன்ற, மெய்நிகர் கணினிகளை நடத்தும் நிரல் அதைத் திறந்து, ஐயோக்டில் வழியாக முதலில் இடைமுகத்தின் பதிப்பு என்ன என்று கேட்கும், பதில் 12. பிறகு மெய்நிகர் கணினி ஒன்று உண்டாக்கு என்று கேட்டால், பதிலாக இன்னொரு கோப்பு எண் (திறந்த கோப்பைக் குறிக்கும் எண்) வரும். அந்த எண்ணிடம் சிபியூ ஒன்று கொடு என்று கேட்டால் மூன்றாவது கோப்பு எண். அதனிடம் ஓடு என்று சொன்னால் விருந்தினர் இயங்குதளம் உண்மையான சிபியூவில் ஓட ஆரம்பிக்கும். கணினிக்குள் கணினி என்ற அத்தனை பெரிய வசதிக்கும் ஒரு சிஸ்டம் கால்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை.

டெவ் அடைவு மட்டுமே வழியல்ல. கோப்பு முறைமை மாட்யூல் தன் பெயரைப் பதிந்துகொண்டு, கோப்பு முறைமையை இணைக்கும் மவுண்ட் அழைப்புக்குப் பின்னால் உட்காரும். நெறிமுறை மாட்யூல், நிரல்கள் நெட்வொர்க்கில் பேசத் திறக்கும் சாக்கெட்டுக்குப் பின்னால். சிஸ், பிராக் அடைவுகளில் சிறு சிறு கோப்புகளை வைத்து அமைப்புகளைக் காட்டுவது இன்னொரு வழி. உத்தி ஒன்றேதான். விண்டோஸிலும் டிரைவர்கள் ஏறக்குறைய இதையே செய்கின்றன. அங்கே ஐயோக்டிலின் இடத்தில் டிவைஸ் ஐஓ கன்ட்ரோல்.

ஏறும்போது நடப்பது

மாட்யூல் கோப்பின் பெயர் கேஓ என்று முடியும். கம்பைல் ஆகி, ஆனால் முழுதாக லிங்க் ஆகாத நிரல் அது. கெர்னல் பதிவேட்டில் எழுதும் பிரிண்ட்கே எங்கே இருக்கிறது, காப்பி டு யூசர் எங்கே இருக்கிறது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பெயர்கள் மட்டும் வெற்றிடங்களாக நிற்கும். இன்ஸ்மாட் கட்டளை அந்தக் கோப்பைத் திறந்து கெர்னலிடம் நீட்டுகிறது. மாட்யூல் ஏற்றுவதற்கே ஒரு சிஸ்டம் கால் இருக்கிறது என்பது கொஞ்சம் வேடிக்கைதான். கெர்னல் இடம் ஒதுக்கி, நிரலை அங்கே வைத்து, வெற்றிடங்களில் உண்மையான முகவரிகளை நிரப்புகிறது. 2.4 காலம்வரை இந்த வேலையை இன்ஸ்மாட்டே வெளியிலிருந்து செய்தது. ரஸ்டி ரஸ்ஸல் அதைத் திருத்தி எழுதி கெர்னலுக்குள் கொண்டுவந்தார்.

கெர்னலின் எல்லாச் செயற்கூறுகளையும் மாட்யூல் அழைத்துவிட முடியாது. வெளிப்படையாக ஏற்றுமதி செய்யப்பட்ட பெயர்கள் மட்டுமே கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இருப்பதாகச் சொல்லும் மாட்யூல்களுக்கு மட்டும்.

வெளி இடைமுகத்துக்கு அவ்வளவு உறுதி தரும் லினக்ஸ், இந்த உள் இடைமுகத்துக்கு எந்த உறுதியும் தருவதில்லை. அடுத்த பதிப்பில் ஒரு செயற்கூறின் பெயர் மாறலாம், காணாமலே போகலாம். ஆகவே ஒவ்வொரு மாட்யூலிலும் அது எந்தக் கெர்னலுக்காகக் கம்பைல் ஆனது என்ற முத்திரை இருக்கிறது. ஒத்துப்போகவில்லை என்றால் வடிவம் சரியில்லை என்று இன்ஸ்மாட் திருப்பி அனுப்பிவிடும். கெர்னல் அப்டேட் ஆனதும் கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யவில்லை என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். ஒவ்வொரு அப்டேட்டின்போதும் மாட்யூலைத் தானாக மறுபடி கம்பைல் செய்து தர டிகேஎம்எஸ் என்ற கருவி பயன்படுகிறது.

நடைமுறையில் இன்ஸ்மாட்டை யாரும் அதிகம் தொடுவதில்லை. ஒரு மாட்யூலுக்கு வேறு எந்த மாட்யூல்கள் வேண்டும் என்று பார்த்து வரிசையாக ஏற்றுவது மாட்புரோப். யுஎஸ்பி கருவியைச் செருகினால் அதன் தயாரிப்பாளர் எண்ணும் கருவி எண்ணும் சேர்ந்து ஒரு பெயராகி, எந்த மாட்யூல் பொருந்தும் என்ற பட்டியலில் தேடப்பட்டு, மாட்புரோப் ஓடி, மாட்யூல் ஏறிவிடும். நாம் பார்ப்பது விளக்கு எரிவதை மட்டுமே.

இறங்கும்போதும், விழும்போதும்

அந்தக் கடைசி எண்ணுக்கு வருவோம். /டெவ்/எண்ணியை ஒரு நிரல் திறந்ததும் மாட்யூலின் கணக்கில் ஒன்று கூடும், மூடினால் குறையும். கணக்கு பூஜ்யமாகாதவரை, பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லி மாட்யூலை இறக்கும் ஆர்எம்மாட் கட்டளை கைவிரித்துவிடும். சிஸ்டம் கால் அட்டவணைக்குத் தெரியாத அந்தக் கணக்கு இங்கே இலவசமாகக் கிடைக்கிறது, ஏனென்றால் உள்ளே போகும் ஒரே வழி ஓபன் செய்வதுதான். ஃபைல் ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்ட்டில் ஓனர் என்று ஒரு புலம் இருக்கிறது. அதில் இந்த மாட்யூல் என்று குறிப்பிட்டால்தான் கணக்கு நடக்கும். அதை விட்டுவிட்டால் திறந்திருக்கும்போதே மாட்யூல் இறங்கிவிடும், அடுத்த ரீட் இல்லாத நிரலுக்குள் குதிக்கும்.

அப்படிக் குதித்தால் கெர்னல் ஊப்ஸ் என்று நீளமாகக் கொட்டிவிட்டு, அந்த நேரத்தில் அழைத்த நிரலைக் கொல்லும். கணினி தொடர்ந்து ஓடுவதுபோலத் தெரிந்தாலும், கொல்லப்பட்ட நிரல் ஏதாவது பூட்டைப் பிடித்தபடி செத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மற்றவையும் வரிசையாக உறையும். மோசமான இடத்தில் நடந்தால் நேராக பேனிக், அதாவது கெர்னலே நின்றுபோகும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2024 ஜூலை 19 சாட்சி. விண்டோஸில் கெர்னலுக்குள் ஓடிய, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், புதிதாக வந்த ஒரு தரவுக் கோப்பைப் படிக்கப்போய், தனக்கு உரிய எல்லைக்கு வெளியே நினைவகத்தைத் தொட்டது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டில் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. சாதாரண நிரலில் நடந்திருந்தால் அந்த நிரல் மட்டும் மூடிக்கொண்டிருக்கும்.

தீய எண்ணத்தோடு எழுதிய மாட்யூலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோப்புகளை மறைக்கலாம், தன்னையே எல்எஸ்மாட் பட்டியலிலிருந்து மறைத்துக்கொள்ளலாம். இதற்காகத்தான் கையெழுத்திட்ட மாட்யூல்கள் மட்டும் ஏறும்படி கட்டுப்படுத்தும் வசதி வந்தது. செக்யூர் பூட் (கையெழுத்திட்ட நிரல்களை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்கும் வசதி) போட்ட கணினிகளில் பல டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) அதை இயல்பாகவே அமல்படுத்துகின்றன. சர்வர்களில் இன்னொரு தந்திரமும் உண்டு: வேண்டிய மாட்யூல்கள் ஏறியதும் மாட்யூல்ஸ் டிஸேபிள்டு என்ற அமைப்பில் 1 என்று எழுதிவிட்டால், மறுபடி பூட் ஆகும்வரை, ரூட் என்ற உச்ச அதிகாரப் பயனராலும் எதையும் ஏற்ற முடியாது.

இதையெல்லாம் பார்த்தபிறகு, மாட்யூல்தான் வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. புதுக் கோப்பு முறைமை வேண்டுமென்றால் ஃபியூஸ் என்ற வசதி வழியாகச் சாதாரண நிரலாகவே எழுதலாம். கெர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்கவோ பாக்கெட்டுகளை வடிகட்டவோ வேண்டுமென்றால் இபிபிஎஃப் இருக்கிறது. அதன் நிரலை ஓடவிடுவதற்கு முன்பே கெர்னல் வரிவரியாக ஆராய்ந்து, தப்பான முகவரியைத் தொட வாய்ப்பிருந்தால் நிராகரித்துவிடும். என் கருத்தில், வன்பொருளை நேரடியாக இயக்க வேண்டிய இடத்தில்தான் மாட்யூலுக்கு இன்று வலுவான நியாயம் இருக்கிறது. கற்றுக்கொள்ள எழுதுவது வேறு கணக்கு.

கற்றுக்கொள்வதானால் மெய்நிகர் கணினிக்குள் செய்யுங்கள்; விழுந்தால் நொடியில் மறுபடி எழும். உங்கள் கெர்னல் பதிப்புக்கு உரிய ஹெடர் தொகுப்பை (கெர்னலின் செயற்கூறு அறிவிப்புகள் கொண்ட கோப்புகளை) நிறுவிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் கம்பைல் ஆகாது. முதல் மாட்யூலை ஏற்றியதும் கெர்னல் பதிவேட்டில் "கெர்னலைக் கறைப்படுத்துகிறது" என்ற பொருளில் ஒரு வரி வரும். அது பிழையல்ல. மூலநிரலுக்கு வெளியிலிருந்து ஒன்று ஏறியிருக்கிறது என்ற அடையாளம், பிழை அறிக்கை வந்தால் கெர்னல் ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பிராக் அடைவில் டெயின்டட் என்ற கோப்பில் 4096 என்றோ, மாட்யூலில் கையெழுத்தும் இல்லையென்றால் 12288 என்றோ காணலாம். மாட்யூலை நீக்கிவிட்டாலும் அந்த எண் மாறாது. மறுபடி பூட் செய்தால்தான் பூஜ்யத்துக்குத் திரும்பும்.